காருக்குள் அடங்கிய நெருப்பு

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் இரவு. இங்கிலாந்தில், லண்டனுக்கு வடக்கே உள்ள லூட்டன் விமான நிலையத்தின் பல மாடிக் கார் நிறுத்தகம் ஒன்றில் தீப்பிடித்தது. சுமார் 1,400 கார்கள் எரிந்து அழிந்தன. கட்டடத்தின் ஒரு பகுதியே சரிந்து விழுந்தது. தீ அணையும் முன்னரே, "மின்சாரக் கார் ஒன்று வெடித்ததுதான் காரணம்" என்ற செய்தி உலகெங்கும் பரவி விட்டது. தீயணைப்புத் துறையினர் ஆராய்ந்து கண்ட உண்மையோ வேறு. முதலில் தீப்பற்றியது ஒரு டீசல் கார்!

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2020 ஜனவரியில், நார்வே நாட்டில் ஸ்டாவாங்கர் நகர விமான நிலையத்திலும் இப்படியே நடந்தது. அங்கும் பழி மின்சாரக் கார் மீதே விழுந்தது. அங்கும் தீயைத் தொடங்கி வைத்தது பழைய டீசல் கார்தான்.

அப்படியானால் மின்சார வண்டிகளைப் பற்றிய அச்சம் வெறும் வதந்தி தானா? அப்படியும் சொல்லி விட முடியாது. 2022 மார்ச் மாதத்தில் நம் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தை நேரில் கண்டவர்களிடம் புள்ளிவிவரங்களைச் சொல்லி அச்சத்தைப் போக்க முடியுமா?

பெட்ரோல் காரா, மின்சாரக் காரா, எது அதிக ஆபத்தானது? இந்தக் கேள்வி இன்று புதிதாகத் தோன்றினாலும், ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். அன்று அவர்கள் அஞ்சியது பெட்ரோலைக் கண்டு!

விளக்கை வெடிக்கச் செய்த திரவம்

பெட்ரோல் முதலில் யாரும் விரும்பாத பொருளாகவே இருந்தது. 1860-களில் அமெரிக்காவில் கச்சா எண்ணெயை வடித்தவர்கள் தேடியது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயை மட்டுமே. அதற்கு முன்னால் வடிந்து வந்த, எளிதில் ஆவியாகும் இலேசான திரவம் கழிவாகக் கருதப்பட்டது. சிலர் அதை ஆற்றில் கொட்டினர். பேராசை பிடித்த வணிகர் சிலர் மண்ணெண்ணெயில் கலந்து விற்றனர். விளைவு, வீடுகளில் விளக்குகள் வெடித்தன. பலர் தீக்காயமுற்று மாண்டனர்.

மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் இடையே அப்படி என்ன வேறுபாடு? எண்ணெய் எதுவும் திரவ நிலையில் எரிவதில்லை. அதன் ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. தீப்பொறி பட்டவுடன் பற்றிக் கொள்ளும் அளவுக்கு ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் ஆவியை வெளியிடுகிறதோ, அதைத் தீப்பற்று நிலை என்கிறோம். நல்ல மண்ணெண்ணெய்க்கு இது சுமார் 38 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இருக்கும். பெட்ரோலுக்கோ பூஜ்யத்திற்கும் கீழே சுமார் 43 டிகிரி! துருவக் குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றும் ஆவியை விட்டுக் கொண்டே இருக்கிறது. அந்த ஆவி காற்றை விடக் கனமானது. ஆகவே தரையோடு தரையாகத் தவழ்ந்து சென்று, தொலைவில் எரியும் அடுப்பைக் கூடத் தேடிப் பிடித்து விடும்.

இந்த ஆபத்தை அளந்து பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டது. ஆங்கிலேய இரசாயன அறிஞர் பிரடெரிக் ஏபெல், மூடிய கிண்ணத்தில் எண்ணெயை மெல்லச் சூடாக்கிச் சிறு சுடரைக் காட்டிச் சோதிக்கும் கருவியை அமைத்தார். 1879-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பெட்ரோலியச் சட்டம் அதை ஏற்றது. 73 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே தீப்பற்றுவன எல்லாம் கட்டுப்பாட்டுக்கு உரியவை என வகுத்தது. 73 டிகிரி பாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 23 டிகிரி சென்டிகிரேடு. நம் நாட்டின் 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டமும், 23 டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் எண்ணெய்களையே மிக ஆபத்தான முதல் வகுப்பில் வைத்துள்ளது. விளக்குகள் வெடித்த காலத்தில் வரையப்பட்ட எல்லைக்கோடு, இன்று நம் ஊர்ப் பெட்ரோல் பங்குகளையும் காவல் காக்கிறது எனலாம்.

மின்சாரக் காரின் முதல் காலம்

1888-ஆம் ஆண்டு, கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களோடு, கணவர் செய்த மோட்டார் வண்டியில் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை சென்றார். உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பயணம் அது. வழியில் எரிபொருள் தீர்ந்த போது அதை எங்கே வாங்கினார் தெரியுமா? வீஸ்லோக் என்ற ஊரில், ஒரு மருந்துக் கடையில்! கறை போக்கப் பயன்பட்ட லிக்ராய்ன் என்ற இலேசான பெட்ரோலியத் திரவம் அன்று அங்கேதான் கிடைத்தது.

அந்தக் காலத்திலேயே மின்சாரக் கார்களும் ஓடத் தொடங்கி விட்டன. 1899-இல் பெல்ஜிய நாட்டவரான காமில் ஜெனாட்ஸி, மின்சார வண்டி ஒன்றில் மணிக்கு 105 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் சென்று உலகை வியப்பில் ஆழ்த்தினார். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கார் அதுவே. 1900-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 கார்களில் நீராவியால் ஓடியவை 1,681. மின்சாரத்தால் ஓடியவை 1,575. பெட்ரோலால் ஓடியவை 936 மட்டுமே.

மின்சாரக் காரை வாங்கியவர்களுக்கு அதன் அமைதியும் தூய்மையும் பிடித்திருந்தன. நாற்றம் இல்லை, புகை இல்லை. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லையும் இல்லை. அதில் இருந்த ஈய-அமில மின்கலத்தினுள் நீர் கலந்த கந்தக அமிலமே இருந்தது. நீர் எரியாதல்லவா? ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மின்னேற்றும் போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். மூடிய அறையில் அது சேர்ந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். லாரிப் பட்டறைகளில் பாட்டரிக்கு மின்னேற்றும் இடத்தில் பீடி பற்ற வைக்காதே என்று சொல்வதன் காரணம் இதுவே. ஆனால் சன்னலைத் திறந்து வைத்தால் அந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கி விடும்.

பிறகு ஏன் பெட்ரோல் வென்றது? ஒரு முறை நிரப்பினால் அது நெடுந்தூரம் கொண்டு செல்லும். டெக்ஸாஸ் பகுதியில் எண்ணெய்க் கிணறுகள் பொங்கிய பின் விலையும் மலிந்தது. ஃபோர்டின் மலிவு விலைக் கார் வந்தது. சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சாரக் கிளப்பி 1912-இல் காடிலாக் காரில் பொருத்தப்பட்டதும், கைப்பிடி சுழற்றும் தொல்லையும் ஒழிந்தது. பெட்ரோல் பாதுகாப்பானது என்பதால் மக்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. வசதிக்காகத் தேர்ந்தெடுத்தார்கள், பாதுகாப்பைப் பின்னால் தேடிக் கொண்டார்கள்.

நெருப்பை அடக்கிய விதம்

தொடக்கத்தில் பெட்ரோல் தகர டின்களில் விற்கப்பட்டது. புனல் வைத்து ஊற்றுவார்கள், சிந்தும், ஆவி பரவும். பின்னர் தொட்டி தரைக்குக் கீழே போயிற்று. பம்பும் குழாயும் வந்தன. காருக்குள் தொட்டியை எங்கே வைப்பது என்பதிலும் தடுமாற்றம் இருந்தது. ஃபோர்டின் புகழ் பெற்ற 'மாடல் டி' காரில் பெட்ரோல் தொட்டி முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. ஓட்டுபவர் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்! அடுத்து வந்த 'மாடல் ஏ' காரில், தொட்டி முன் கண்ணாடிக்குக் கீழே, பயணிகளின் முழங்காலுக்கு எதிரே இருந்தது. பிறகுதான் தொட்டி காரின் பின்புறம் சென்றது.

அங்கும் ஆபத்து தீரவில்லை. ஃபோர்டு நிறுவனம் 1970-இல் விற்பனைக்குக் கொண்டு வந்த 'பின்டோ' என்ற சிறு காரின் வரலாறு இதற்குச் சான்று. இதன் தொட்டி பின் அச்சுக்கும் பின்னால், பின்புறத் தகட்டுக்கு மிக அருகில் இருந்தது. பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதினால் தொட்டி நசுங்கிக் கிழிந்து பெட்ரோல் கொட்டும் நிலை. 1972-இல் கலிபோர்னியாவில் நெடுஞ்சாலையில் நின்று விட்ட பின்டோ ஒன்றின் மீது பின்னால் வந்த கார் மோதியது. தீப்பிடித்து, ஓட்டி வந்த பெண்மணி இறந்தார். உடன் வந்த 13 வயதுச் சிறுவன் கொடிய தீக்காயங்களோடு பிழைத்தான்.

இவ்வழக்கில் 1978-இல் நடுவர் குழு 12 கோடியே 50 இலட்சம் டாலர் தண்டனைத் தொகை விதித்தது. நீதிபதி அதை 35 இலட்சமாகக் குறைத்தார். தொகையை விட முக்கியமானது வழக்கில் வெளிப்பட்ட செய்தி. விற்பனைக்கு முன் நிறுவனமே நடத்திய மோதல் சோதனைகளில் இக்குறை தெரிந்திருந்தது. ஒரு காருக்குச் சில டாலர்கள் செலவிட்டால் குறைத்திருக்கலாம் என்பதே அது. அதே 1978-இல் சுமார் 15 இலட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தொட்டியைக் காக்க ஒரு பிளாஸ்டிக் தடுப்பும், நீளமான நிரப்புக் குழாயும் பொருத்தப்பட்டன. அவ்வளவுதான் வேலை!

அமெரிக்க அரசின் எரிபொருள் பாதுகாப்பு விதி 1968 முதலே இருந்தது. ஆனால் அது, கார் முன்புறமாகச் சுவரில் மோதும் போது பெட்ரோல் ஒழுகக் கூடாது என்று மட்டுமே கூறியது. பின்புற மோதலுக்கான சோதனை 1977-ஆம் ஆண்டு மாடல்களுக்குத்தான் கட்டாயமாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் எரிந்தவர்களுக்கு அந்த விதியால் பயனில்லை.

இத்தகைய விதிகளாலும், எஞ்சின், குழாய், மின்கம்பி அமைப்புகள் மேம்பட்டதாலும் தீ விபத்துக்கள் குறைந்தன. அமெரிக்காவில் 1980-இல் ஆண்டுக்கு நாலரை இலட்சம் அளவில் இருந்த சாலை வாகனத் தீ விபத்துக்கள், 2018-இல் இரண்டு இலட்சத்திற்கும் கீழே இறங்கின. இதற்குள் வண்டிகளின் எண்ணிக்கை பெருகியிருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எண்ணெய் நிறுவனத்தில் பிறந்த மின்கலம்

மின்சாரக் கார் மீண்டும் வந்த கதை விந்தையானது. அதற்கு உயிர் தந்த லித்தியம் மின்கலத்தின் ஆராய்ச்சி, 1970-களில் எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுக் கூடத்தில் தொடங்கியது! எண்ணெய் தீர்ந்து விட்டால் என்ன செய்வது என்ற கவலையில், ஸ்டான்லி விட்டிங்காம் என்ற அறிஞரை அந்நிறுவனம் பணியில் அமர்த்தியிருந்தது.

அவருடைய மின்கலத்தில் உலோக லித்தியம் இருந்தது. லித்தியம் மிக இலேசான உலோகம்; எலெக்ட்ரானை விடத் துடித்துக் கொண்டிருப்பது. ஆனால் மின்னேற்றும் போது அதன் பரப்பில் ஊசி போன்ற இழைகள் வளர்ந்து எதிர்ப்புறத்தைத் தொட்டு விடும். உடனே குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கும். தீயணைப்புப் படையினர் பலமுறை அந்த ஆய்வுக் கூடத்துக்கு வர நேர்ந்தது. லித்தியத் தீயை அணைக்கும் தனி இரசாயனப் பொருளுக்கு இனி நீங்களே விலை தர வேண்டியிருக்கும் என்று அவர்கள் எச்சரித்தார்களாம்.

1980-இல் ஜான் குடினஃப், ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தில், கோபால்ட் ஆக்ஸைடைக் கொண்டு ஆற்றல் மிகுந்த நேர்மின்வாயை அமைத்தார். 1985-இல் ஜப்பானின் அக்கிரா யோஷினோ, ஆபத்தான உலோக லித்தியத்தை நீக்கி விட்டு, பெட்ரோலியக் கரியினுள் லித்திய அயனிகளைத் தங்க வைத்தார். எண்ணெயிலிருந்து கிடைக்கும் கரியே மின்கலத்திற்குப் பாதுகாப்புத் தந்தது! பிறகு யோஷினோ ஒரு சோதனை செய்தார். கனமான இரும்புத் துண்டைத் தம் மின்கலத்தின் மேல் விழச் செய்தார், ஒன்றும் நேரவில்லை. உலோக லித்தியம் உள்ள மின்கலத்தின் மேல் விழச் செய்தார். அது வெடித்துச் சிதறியது. 1991-இல் சோனி நிறுவனம் லித்திய அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இம்மூவரும் 2019-ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்.

ஆக, இன்றைய மின்கலம் பிறந்ததே நெருப்பைத் தவிர்க்கும் முயற்சியில்தான். ஆயினும் முழுமையாகத் தவிர்க்க முடியவில்லை. காரணம், இதில் நீர் இல்லை. லித்தியம் நீரோடு வினை புரியும் என்பதால், எரியக் கூடிய கரிமத் திரவமே மின்பகு திரவமாக இருக்கிறது.

இருவகை நெருப்பு

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் உண்டு. நாற்பது லிட்டர் தொட்டியில் ஏறத்தாழ 350 யூனிட். மின்சாரக் காரின் மின்கல அடுக்கில் 50 யூனிட் இருக்கலாம். ஏழில் ஒரு பங்கு. ஆனால் பெட்ரோல் எரிய வெளிக்காற்று வேண்டும். மின்கலத்தில் சூழ்நிலை வேறு.

ஆயிரக்கணக்கான சிறு கலங்களில் ஒன்று, மோதலாலோ உற்பத்திக் குறையாலோ மிகை மின்னேற்றத்தாலோ சூடாகிறது என்று கொள்வோம். சுமார் 130 டிகிரியில், இரு மின்வாய்களைப் பிரித்து வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் உருகுகிறது. குறுக்குச் சுற்று ஏற்பட்டு வெப்பம் மேலும் ஏறுகிறது. 200 டிகிரி அளவில், பல வகை மின்கலங்களில், நேர்மின்வாயின் ஆக்ஸைடு சிதைந்து ஆக்ஸிஜனையே வெளியிடுகிறது. எரிபொருளும் ஆக்ஸிஜனும் வெப்பமும் ஒரே உறைக்குள்! ஒரு கலத்தின் வெப்பம் அடுத்த கலத்துக்குத் தாவுகிறது. இதைக் கட்டுமீறிய வெப்ப ஏற்றம் என்று சொல்லலாம். இரும்புப் பாஸ்பேட்டால் ஆன நேர்மின்வாய் ஆக்ஸிஜனை எளிதில் விடுவதில்லை. ஆகவே அவ்வகை மின்கலத்தில் இந்த ஆபத்து குறைவு; அறவே இல்லை என்பதில்லை.

இதனால் தீயை அணைக்கும் முறையும் மாறுகிறது. பெட்ரோல் தீயை நுரையால் மூடிக் காற்றைத் தடுத்தால் அணையும். மின்கலத் தீயைக் குளிர வைத்தே அடக்க வேண்டும். ஒரு மின்சாரக் காருக்கு 11,000 முதல் 30,000 லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படலாம் என்று டெஸ்லா நிறுவனத்தின் வழிகாட்டி கூறியது. அணைந்தது போல் தோன்றிய தீ மீண்டும் எழுவதும் உண்டு. 2011-இல் அமெரிக்காவில் மோதல் சோதனைக்கு உள்ளான செவர்லே வோல்ட் கார் ஒன்று, சும்மா நிறுத்தி வைத்திருந்த போது, மூன்று வாரங்கள் கழித்துத் தீப்பற்றியது!

எது அதிகம் எரிகிறது?

ஸ்வீடன் நாட்டின் குடிமைப் பாதுகாப்புத் துறை 2022-ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்கின்படி, மின்சாரக் கார்களும் கலப்பினக் கார்களும் ஒரு இலட்சத்துக்கு 3.8 என்ற அளவில் தீப்பிடித்தன. எல்லா எரிபொருள் கார்களையும் சேர்த்துப் பார்த்தால் இது இலட்சத்துக்கு 68. இந்த 68-இல், வேண்டுமென்றே கொளுத்தப்பட்ட கார்களும் அடங்கும். மேலும் மின்சாரக் கார்கள் பெரும்பாலும் புதியவை. பழைய கார்களே அதிகம் எரியும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், மின்சாரக் கார் அடிக்கடி தீப்பிடிக்கிறது என்ற எண்ணத்துக்கு இக்கணக்கில் ஆதாரம் இல்லை.

ஆனால் 'எத்தனை முறை' என்பது ஒரு கேள்வி. 'எங்கே, எப்படி' என்பது வேறு கேள்வி. 2024 ஆகஸ்ட் முதல் நாள், தென் கொரியாவின் இஞ்சியான் நகரில், அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலவறையில் நின்றிருந்த மின்சாரக் கார் தீப்பற்றியது. மின்னேற்றம் கூட நடக்கவில்லை. சுமார் 140 கார்கள் சேதமுற்றன; பலர் புகையால் மருத்துவமனை சென்றனர். அங்கே தண்ணீர் தெளிக்கும் தானியங்கிக் குழாய்கள் இருந்தன. ஆனால் எச்சரிக்கை ஒலித்தவுடன் ஒருவர் அதை நிறுத்தி விட்டார்! புதுவகைத் தீயாயினும், சேதத்தைப் பெருக்கியதில் மனிதரின் பழைய தவறுக்கும் பங்கு உண்டு.

வரலாறு சொல்வது

பின்டோவின் குறையை உற்பத்தியாளர் அறிந்திருந்தும் திரும்ப அழைக்க எட்டாண்டுகள் ஆயின. 2021-இல் செவர்லே போல்ட் மின்சாரக் கார்கள் சிலவற்றில் தீப்பற்றிய போது, கலங்களுக்குள் மின்வாய்ப் பட்டை கிழிந்தும் தடுப்புத் தாள் மடிந்தும் இருந்த குறை கண்டறியப்பட்டது. அதுவரை செய்த ஏறத்தாழ 1,40,000 கார்களும் திரும்ப அழைக்கப்பட்டன. ஒரு கலம் கட்டு மீறினால், ஆபத்து பயணிகளை எட்டுவதற்கு ஐந்து நிமிடம் முன்பாவது எச்சரிக்கை தர வேண்டும் என்று 2018-இல் ஐக்கிய நாடுகளின் தொழில்நுட்ப விதி வகுத்தது. இவையெல்லாம் பெட்ரோல் கார்களின் வரலாற்றிலிருந்து கற்ற பாடங்கள் எனலாம்.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் ஸ்கூட்டர் தீ விபத்துக்களுக்குப் பின் அரசு வல்லுநர் குழு அமைத்தது. கலங்கள், அவற்றைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு, மின்னேற்றி, ஒரு கலத்தின் வெப்பம் மற்றவற்றுக்குப் பரவும் தன்மை ஆகியவை பற்றிய விதிகள் கடுமையாக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரிலும் அடுத்த மார்ச்சிலும் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. விரைவான நடவடிக்கைதான். ஆனால் வேலூரில் அந்தத் தந்தையும் மகளும் இறந்த பிறகே வந்தது.

விதிகள் ஒருபுறம் இருக்க, நாம் செய்யக் கூடியவையும் உண்டு. தயாரிப்பாளர் தந்த மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வழியிலோ, படுக்கும் அறையிலோ மின்கலத்துக்கு மின்னேற்றக் கூடாது. வெயிலில் ஓடிச் சூடேறிய வண்டியை ஆற விட்டு மின்னேற்ற வேண்டும். அடிபட்ட, வீங்கிய மின்கலத்தைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது.

பெட்ரோல் பங்கில் எஞ்சினை நிறுத்துகிறோம், புகை பிடிப்பதில்லை. யாரும் நமக்கு விளக்கம் சொல்வதில்லை, நாமும் அஞ்சுவதில்லை. பழகி விட்டது. அந்தப் பழக்கம் உருவாக நூறாண்டுகளும் பல உயிர்களும் தேவைப்பட்டன. லித்தியத்தின் குணம் நமக்கு இப்போதே தெரியும். அது எங்கே உருகும், எப்போது ஆக்ஸிஜனை விடும் என்று அளந்து வைத்திருக்கிறோம். ஆகவே இம்முறை விதிகள் விபத்துக்கு முன்னரே வர முடியும். வர வேண்டும் என்று கேட்பது, வண்டி வாங்கும் ஒவ்வொருவரின் உரிமையும் ஆகும்.